மாதத்தில் இரண்டு ஞாயிறு

கேள்வி:

எனக்கு வயது 29. பிறந்த ஊர் ஆற்காடு. திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது. வேலூர் கொசப்பேட்டையில் கணவர், மாமியாருடன் இருக்கிறேன். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாள் வேலை. நான் காட்பாடியில் ஒரு லேபில் டெக்னீஷியன். எனக்கு வார விடுமுறை மாறி மாறி வரும். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் இரண்டு பேருக்கும் சேர்ந்து லீவு. அந்த இரண்டு நாளும் காலையில் கிரிக்கெட், மதியம் தூக்கம். இல்லையென்றால் அவர் சொந்தத்தில் ஏதாவது விசேஷம். "எங்கயாவது போலாமாங்க" என்றால், "போன மாசம்தான ஏலகிரி போனோம்" என்கிறார். ஏலகிரிக்குப் போனது அவருடைய நண்பர்கள் குடும்பத்தோடு, மொத்தம் 11 பேர். விடியற்காலை எழுந்து அத்தனை பேருக்கும் புளிசாதம் கட்டினேன். வேனில் அவர் முன்னால் நண்பர்களோடு பேசிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் வாந்தி எடுத்த குழந்தைக்கு நான் கவர் பிடித்துக்கொண்டு வந்தேன். அவரோடு பத்து நிமிடம் தனியாகப் பேசவில்லை.

எனக்குப் பழைய கோயில், கோட்டை, சிற்பம் என்றால் உயிர். பார்த்து வரைவேன். சின்ன வயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டுவார். இவருக்கு பைக், பிரியாணி, கிரிக்கெட். "நமக்கு இந்த விஷயத்துல செட் ஆகாது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். மாமியார் நல்லவர்தான், ஆனால் அவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. இன்னும் குழந்தை இல்லை. "ஊர் சுத்துறதுக்கு மட்டும் நேரம் இருக்குது" என்று பக்கத்து வீட்டில் பேசுகிறார்கள். நான் ஆசைப்படுவது பேராசையா? அவரிடம் எப்படிக் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பேராசை இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கட்டின கணவரோடு அரை நாள் தனியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை பிறந்த பிறகுதான் புருஷன் பெண்டாட்டி வெளியே போய் வரலாம் என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் கணவர் ஒரே ஒரு முறை, கோபப்படாமல், "நாங்க போயிட்டு வர்றதுல உங்களுக்கு என்னக்கா?" என்று கேட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். அதை அவர்தான் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டால் அது வாய்ச்சண்டையாகப் போய்விடும்.

இப்போது ஏலகிரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பயணம்தான். அவர் கணக்கில் அது மனைவியோடு போன டூர். உங்கள் கணக்கில் அது இன்னொரு வேலை நாள். அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் மிகைப்படுத்தவில்லை. 14 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு புலவர்கள், வள்ளல்கள் பெயர் எழுதிய பலகைகள், மேலே புங்கனூர் ஏரி, படகு என்று அவர் பார்த்த ஏலகிரி வேறு. நீங்கள் பார்த்தது புளிசாத அடுக்கும் பாலிதீன் கவரும். இரண்டு பேரும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

குடும்ப ஆலோசனைக்கு வரும் பெண்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். "வெளியே போறதே இல்லையா?" என்றால், "போறோம் மேடம், ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால்தான் விஷயமே இருக்கும். தம்பதிகளின் பொழுதுபோக்கைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2002-ல் வெளியானது. சேர்ந்து நேரம் செலவழித்தாலே உறவு இனிக்கும் என்று நாம் நினைப்பதை அது அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. கணவருக்குப் பிடித்த, மனைவிக்குப் பிடிக்காத விஷயங்களில் மனைவி கூடவே போய்க்கொண்டிருந்தால், அந்த மனைவிக்குத் திருமண வாழ்க்கையில் திருப்தி குறைவதை அது கண்டது. நம் வீடுகளில் இதை ஆராய்ச்சி செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனாலும் உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் முகம் சுளிக்காமல் கிளம்புவதை நீங்கள் விட்டுக்கொடுத்தல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரோ உங்களுக்கும் அது பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லாதவரை அவருக்கு அது தெரிய வழியில்லை.

அதனால் அடுத்த முறை நண்பர்கள் கூட்டத்தோடு ஏலகிரி என்றால், இரண்டில் ஒன்று செய்யுங்கள். "இந்தத் தடவ நீங்க போயிட்டு வாங்க, நான் ஆற்காட்டுக்குப் போய் அப்பாவப் பாத்துட்டு வரேன்" என்று நல்லபடியாகச் சொல்லிவிடலாம். அல்லது வருகிறேன், ஆனால் சாப்பாடு கட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லலாம். மேலே அத்தனாவூரில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. 11 பேரும் அங்கே சாப்பிட்டுக்கொள்ளட்டும்.

அவர் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் வீட்டுக்கு வருவதற்கு நேரம் காலம் கிடையாது. மேலே இருந்து வருகிற திட்டு, கீழே இருக்கிற தொழிலாளர்களின் லீவு, பீஸ் கணக்கு எல்லாம் அவர் தலையில்தான். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் ஆடம்பரமில்லை, தேவை. கிரிக்கெட்டும் அப்படித்தான். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். மைதானத்தில் நிற்கிற இரண்டு மணி நேரம் அவர் சூப்பர்வைசர் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்த நேரத்தைப் பறித்து உங்களோடு வரச் செய்தால், வருவார். வந்து பைக்கில் உட்கார்ந்தபடி ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனவே இரண்டு ஞாயிற்றையும் கேட்காதீர்கள். முழு நாளும் கேட்காதீர்கள். சேர்ந்து லீவு வருகிற இரண்டில் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை, நீங்கள் இரண்டு பேர் மட்டும். மற்ற ஞாயிறு கிரிக்கெட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் இருக்கட்டும். எங்கே போவது என்பதை ஒரு மாதம் அவர் முடிவு செய்யட்டும், அடுத்த மாதம் நீங்கள். அவர் முறையில் நீங்கள் குறை சொல்லக் கூடாது, உங்கள் முறையில் அவர் சொல்லக் கூடாது. நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். எந்த ஊருக்குப் போனீர்கள் என்பதைவிட, இரண்டு பேருடைய விருப்பத்துக்கும் பங்கு இருந்ததா என்பதுதான் மனதில் நிற்கும்.

'செட் ஆகாது' என்று அவர் சொல்வதை நான் நம்பவில்லை. பைக்கும் பிரியாணியும் ஒரு பக்கம், கோயிலும் சிற்பமும் ஒரு பக்கம் என்றால், நம் பக்கத்தில் அதற்கென்றே போட்ட மாதிரி ஒரு சாலை இருக்கிறது. வேலூரிலிருந்து பெங்களூர் சாலையில் ஆம்பூர் 50 கிலோமீட்டர் சுமார். போகிற வழியில் செதுவாலையில் திரும்பினால் விரிஞ்சிபுரம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் பள்ளிகொண்டா, பாலாற்றங்கரையில் உத்திர ரங்கநாதர் கோயில். காலை ஆறரைக்கு வீட்டை விட்டால் ஏழு மணிக்கு விரிஞ்சிபுரத்தில் இருக்கலாம். 'திருவிரிஞ்சை மதிலழகு' என்று பெரியவர்கள் சொல்லும் அந்த மதிலை வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். உள்ளே பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாகக் கோடும் எண்ணும் வெட்டியிருப்பார்கள். மேலே இருக்கிற பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. குச்சியை அவர் கையில் கொடுங்கள். தன் வாட்சோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நகர மாட்டார், பாருங்கள். நாள் முழுக்க நேரத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதர் அல்லவா. அவர் அதில் மூழ்கியிருக்கும்போது நீங்கள் ஒரு தூணை வரைந்துவிடலாம்.

அதன் பிறகு ஆம்பூர். கோயிலை முதலில் முடித்துவிட்டு பிரியாணிக்குப் போவதால் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனத்தாங்கல் இருக்காது. சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. பதினோரு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, தம் உடைத்த பிரியாணி சூடாகக் கிடைக்கும். எந்தக் கடை நல்ல கடை என்பதில் அவருக்குக் கட்டாயம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். அதைக் கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள். நீங்கள் கல்தூணைப் பற்றிப் பேசும்போது உங்கள் கண்ணில் தெரிகிற அதே ஆர்வம் அவர் பிரியாணி பற்றிப் பேசும்போது தெரியும். போக வர 100 கிலோமீட்டர், பைக்குக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் போதும். சாப்பாட்டையும் சேர்த்தால் ஏலகிரி வேன் வாடகையில் உங்கள் பங்குகூட ஆகாது.

விரிஞ்சிபுரம் என்றதும் ஒரு விஷயத்தை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கார்த்திகை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே சிம்ம தீர்த்தத்தில் பிள்ளை வரம் வேண்டி நீராடும் வழக்கம் இருக்கிறது. நீங்கள் விரிஞ்சிபுரம் போகிறேன் என்று சொன்னவுடன் மாமியார் அதைத்தான் நினைப்பார். அந்த வேண்டுதலில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அது தனி, கணவரும் நீங்களும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை அதோடு சேர்க்காதீர்கள். கார்த்திகைக் கடை ஞாயிறு தவிர வேறு ஏதாவது ஒரு ஞாயிறில் போங்கள். குழந்தை பற்றிய பேச்சு, டாக்டர், டெஸ்ட், அவர் அக்கா சொன்னது, உங்கள் சித்தி சொன்னது எதுவும் அன்று வேண்டாம். நான்கு வருடமாக அந்த ஒரு கேள்வி உங்கள் இரண்டு பேர் தோளிலும் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் யார் என்று பார்க்க ஆறேழு மணி நேரமாவது வேண்டாமா?

உங்கள் முறை வரும்போது மேல்பாடிக்குக் கூட்டிப்போங்கள். பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. தன் பாட்டன் அரிஞ்சயச் சோழனுக்காக ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படை கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவாக எழுப்பிய கோயில், அங்கேதான். பக்கத்திலேயே சோமநாதீசுவரர் கோயில். வள்ளிமலையும் அங்கிருந்து கிட்டத்தில்தான். மலையேறினால் முருகன், பாறையில் சமணச் சிற்பங்கள். ஏறுவது அவருக்கும் பிடிக்கும். அந்தப் பக்கச் சாலை பைக் ஓட்டுகிறவர்களுக்கு நன்றாக இருக்கும், லாரித் தொல்லை குறைவு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முறை ஆற்காட்டில் டெல்லி கேட்டைக் காட்டுங்கள். 1751-ல் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் முற்றுகையைச் சமாளித்த கோட்டையில் இன்று கண்ணுக்கு மிஞ்சியிருப்பது அந்த வாசல்தான். உங்கள் அப்பா உங்களுக்குக் காட்டியிருப்பார். ஊரே அறிந்த சரித்திரத்தை உங்கள் கணவர் வேறு எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்வார். அப்பா உங்களை எங்கே நிற்க வைத்து, என்ன சொன்னார், நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். நான்கு வருடத்தில் இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்தால் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது.

புதிய விஷயம் ஒன்றைச் சேர்ந்து செய்வதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சில தம்பதிகளை வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் பத்து வாரம் உற்சாகம் தரும் விஷயங்களைச் சேர்ந்து செய்யச் சொன்னார்கள். இன்னும் சிலரை இதமான, பழகிய விஷயங்களைச் செய்யச் சொன்னார்கள். உற்சாகமான விஷயங்களைச் செய்த தம்பதிகளுக்குத்தான் உறவில் திருப்தி கூடியது. எப்போதும் போகிற ஓட்டலுக்கே போய் எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிட்டு வருவது தப்பில்லை, ஆனால் அதில் இரண்டு பேருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிய வராது.

அதற்கு நான் சொல்வது காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் போகும் சாலையில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986-ல் தொடங்கி வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் பதிவு செய்த இடங்களில் இந்தக் காவலூரும் ஒன்று. வேலூர்க்காரர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்ததில்லை என்பது எனக்கு ஆதங்கம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்புமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு சனிக்கிழமை லீவு போட வேண்டியிருக்கும், நீங்களும் டியூட்டி மாற்ற வேண்டியிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை போடலாம். மலைச்சாலை, இருட்டியதும் பைக்கில் இறங்க வேண்டாம், பொழுது சாய்வதற்குள் ஆலங்காயம் வந்துவிடுங்கள். அங்கே போகிறபோது உங்கள் இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது. அது நல்லது. ஒருவர் காட்டுகிறவர், இன்னொருவர் பார்க்கிறவர் என்று இல்லாமல் இரண்டு பேருமே பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு கேள்வி கேட்பீர்கள்.

மார்ச்சிலிருந்து ஜூன் வரை வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாலு மாதத்தில் அமிர்தி அருவிக்குப் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே மழைக்காலம் முடிந்த கையோடு போவதுதான் சரி. கோடையில் தூரப் பயணத்தை விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே மாலை நேரத்தைப் பயன்படுத்துங்கள். ஞாயிறுகூட வேண்டாம், வாரத்தில் ஏதாவது ஒரு நாள் அவர் சீக்கிரம் வந்தால் போதும். கோட்டை உங்களுக்குக் கூப்பிடு தூரம். கொசப்பேட்டையில் இருந்துகொண்டு கோட்டையைத் தெரியாதவர்கள் இல்லை, ஆனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நிமிர்ந்து மேற்கூரையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள் அங்கே இருக்கின்றன. யாளித் தூண்களை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், கிளிகளை விட்டுவிடுவார்கள். பாலாற்றங்கரையில் முத்து மண்டபமும் இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் இங்கே சிறையிருந்து 1832-ல் இறந்தார், அவருடைய சமாதி அது. கைப்பிடிச் சுண்டலை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் அதுவும் வெளியே போனதுதான்.

உங்களுக்கென்று தனியாகவும் ஒரு நேரம் வேண்டும். வார நாளில் உங்களுக்கு லீவு வருகிறதே, அன்று என்ன செய்கிறீர்கள்? துணி துவைத்து, மாவு அரைத்து, வீடு ஒதுங்க வைத்தே பொழுது போய்விடும் என்று நினைக்கிறேன். அதில் இரண்டு மணி நேரத்தை எடுத்து, வரைகிற நோட்டோடு கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் உட்காருங்கள். விடுமுறை நாளை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இதற்குக் கணவர் துணை வர வேண்டியதில்லை. அவருக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி உங்களுக்கு இது. உங்கள் ஆசை முழுவதையும் அவர் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, மாதம் ஒரு ஞாயிறில் அதெல்லாம் நிறைவேற வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மாமியார் விஷயம். "மனசு வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் நல்ல குணம். ஆனால் அவர் நடமாட முடியாதவர் என்றோ, உடம்புக்கு முடியாதவர் என்றோ நீங்கள் எழுதவில்லை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவர் வீட்டில் இருந்துகொள்வார். டிவி இருக்கிறது, பக்கத்து வீடு இருக்கிறது, போன் இருக்கிறது. ஒரு வேளைச் சமையலை முடித்து வைத்துவிட்டுப் போனால் தாராளம். இதை அவரிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். "அம்மா, ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் ஆம்பூர் வரைக்கும் போயிட்டு மத்தியானம் வந்துருவோம்" என்று மகன் சொன்னால் அது தகவல். மருமகள் சொன்னால் அது அனுமதி கேட்பதாகிவிடுகிறது. நம் வீடுகளின் நடப்பு அப்படி.

அதே சமயம் அவரை ஒதுக்கிவிட்டதாக அவருக்குத் தோன்றக் கூடாது. இன்னொரு ஞாயிறில், சொந்தக்காரர் விசேஷம் இல்லாத நாளாகப் பார்த்து, ரத்தினகிரிக்கோ ஸ்ரீபுரத்துக்கோ அவரையும் அழைத்துக்கொண்டு மூன்று பேராகப் போங்கள். ஸ்ரீபுரத்தில் நடை அதிகம், 1.8 கிலோமீட்டர் நட்சத்திரப் பாதையைச் சுற்றித்தான் கோயிலுக்குப் போக வேண்டும், அதனால் அவர் முழங்காலைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். வேலூரிலேயே வளர்ந்தவராக இருந்தால், ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் மறுபடி சுவாமியை வைத்து வழிபாடு தொடங்கியது அவருக்கு நினைவிருக்கலாம். அதற்கு முன் எத்தனையோ காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் அது. கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த விஷயத்தில் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கலாம்.

கடைசியாக, எப்படிக் கேட்பது. "நீங்க என்னை எங்கயுமே கூட்டிட்டுப் போறதில்ல" என்று ஆரம்பித்தால், அவர் ஏலகிரியை எடுத்து நீட்டுவார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சனிக்கிழமை இரவு களைத்து வந்து சாப்பிட உட்காரும்போதும் கேட்காதீர்கள். வார நடுவில், இரவுச் சாப்பாடு முடிந்து அவர் கொஞ்சம் ஆசுவாசமாக இருக்கும்போது சொல்லுங்கள். "ஏங்க, ஏலகிரிக்குப் போனது எனக்குப் பிடிச்சுதான்னு நீங்க கேக்கவே இல்ல. எனக்கு அன்னிக்குப் பூரா வேலையாவே போச்சு. நாம ரெண்டு பேர் மட்டும் போகணும்னு எனக்கு ஆசையா இருக்குது. மாசத்துல ஒரு ஞாயிறு, மத்தியானம் வரைக்கும். மொத தடவ எங்கன்னு நீங்களே சொல்லுங்க." இவ்வளவு போதும். அழ வேண்டாம், மிரட்ட வேண்டாம், உங்கள் தோழியின் கணவரை உதாரணம் காட்டவே வேண்டாம். சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருங்கள். உடனே 'சரி' வராது. யோசித்துச் சொல்கிறேன் என்றால் அதுவும் நல்ல பதில்தான்.

இரண்டு மூன்று மாதம் இப்படிக் கேட்டும் அவர் ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தால், அப்போது இது ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை இல்லை. அலுப்பா, மனச்சோர்வா, கடன் கவலையா, குழந்தை இல்லாத வருத்தத்தை உங்களிடம் சொல்ல முடியாமல் ஒதுங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஆண்களில் பலர் அந்த வருத்தத்தை மதியத் தூக்கத்துக்குள் ஒளித்துக்கொள்வார்கள். அப்படித் தோன்றினால் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். தனியாக வர வேண்டாம், சேர்ந்து வாருங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு அந்த அறிகுறி தெரியவில்லை. சிரித்துக்கொண்டே 'செட் ஆகாது' என்று சொல்கிற மனிதரோடு பேசிவிடலாம். உங்கள் லேபில் டியூட்டி லிஸ்ட் எந்தத் தேதியில் போடுகிறார்கள் என்று பாருங்கள். லிஸ்ட் வந்த அன்று இரவே இரண்டு ஞாயிற்றையும் வீட்டுக் காலண்டரில் குறித்து, ஒன்றில் கிரிக்கெட் என்றும் ஒன்றில் ஊர்ப் பெயரும் எழுதிவிடுங்கள். ஷிப்மென்ட் என்று கம்பெனியில் அந்த ஞாயிறு அவரைக் கூப்பிட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளாமல், அந்த வாரத்துக்குள்ளேயே மாற்றுத் தேதி எழுதச் சொல்லுங்கள். அதை அவர் கையாலேயே எழுதட்டும். முதல் முறையை அவருக்கே கொடுங்கள். ஆம்பூர் என்றால் மறுக்க மாட்டார்.